எல்லையையும் சேர்த்து மாத்துங்க

தம்பி, கிருஷ்ணகிரியில எம்.எஸ்சி. படிக்கிறதா எழுதியிருந்தீங்க. நான் பக்கத்துல தருமபுரிதான். மாறியை மாத்தினா ஒரே தொகையீட்டுக்கு ரெண்டு விடை ஏன் வருதுன்னு கேட்டிருந்தீங்க. கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

உங்க கணக்கு: 0 முதல் 1 வரை எக்ஸ், கூடவே ரெண்டு தீட்டா (வரிசையை மாத்திப் பெருக்கினா குறி மாறுற, வர்க்கம் 0 ஆகுற கிராஸ்மன் மாறிகள்), தொகையிட வேண்டியது வெறும் எக்ஸ். நேரா போட்டா 0. எக்ஸ் = ஒய் + தீட்டா1 தீட்டா2ன்னு மாத்தினா 1 வருது. பெரெசினியன் (இந்த மாதிரி மாறி மாற்றத்துல ஜாகோபியன் இடத்துல வர்ற காரணி) 1தான், அதுல தப்பில்ல.

தப்பு எல்லையில. ஒய்க்கும் அதே 0, 1ஐப் போட்டுட்டீங்க. எல்லைகளைப் படிச்சார்பா (உள்ளே இருக்கிறது நேர்மறைன்னா 1, எதிர்மறைன்னா 0) எழுதித் தொகைக்குள்ளயே வையுங்க: படி(எக்ஸ்), படி(1 − எக்ஸ்). தீட்டாக்களோட பெருக்கலை 'பெ'ன்னு வெச்சுக்குவோம். அதோட வர்க்கம் 0, அதனால டெய்லர் விரிவு முதல் உறுப்போட நின்னுடும்:

படி(ஒய் + பெ) = படி(ஒய்) + பெ·டெல்டா(ஒய்)

டெல்டாங்கிறது படிச்சார்போட வகைக்கெழு. இன்னொரு படிச்சார்புல கழித்தல் குறியோட பெ·டெல்டா(1 − ஒய்) வரும். தீட்டாக்கள் மேல தொகையிட்டா பெ-யின் கெழுதான் மிஞ்சும், அதனால இப்போ அதை மட்டும் எடுங்க. உள்ளேயிருந்து 1, ஒய் = 0 முனையில 0, ஒய் = 1 முனையில −1. கூட்டினா 0! இந்த இடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

தொகையிடுற சார்பு ரெண்டு முனையிலும் 0 ஆயிட்டா டெல்டா எதுவும் தராது. பெரெசினியனைப் பெருக்கி மாறியை மாத்துற பெரெசின் சூத்திரம் அப்படியே செல்லும். எக்ஸின் வர்க்கத்தையும் போட்டுப் பாருங்க: உள்ளே 1, முனையில −1.