பவளத் தொட்டியில் நைட்ரேட் பூஜ்யம்: பட்டினிக்குப் பாசி மருந்து எதற்கு?

கேள்வி: கெலமங்கலம் பக்கம் பாலிஹவுஸில் ரோஜா போட்டிருக்கிறேன். வீட்டில் 300 லிட்டர் கடல்நீர்ப் பவளத் தொட்டி இருக்கிறது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே டெஸ்ட் கிட்டில் பூஜ்யம். ஆனாலும் மணல் மேல் பழுப்பாகச் சளி மாதிரி படர்கிறது, பவளங்கள் வெளுத்துக்கொண்டே போகின்றன. கடைக்காரர் "உங்க ஊர்த் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, அதான்" என்று சொல்லி, பாஸ்பேட் உறிஞ்சியை இரண்டு மடங்கு போடச் சொன்னார், ஒரு பாசி மருந்தும் கொடுத்தார். ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள் தம்பி. உறிஞ்சியையும் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். 'ஆனாலும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் தவறு. இரண்டும் பூஜ்யமாக இருப்பதால்தான் இந்தச் சளி வந்திருக்கும்.

மற்ற பாசியும் பாக்டீரியாவும் பட்டினி கிடக்கிற தொட்டியில் இடம் பிடிப்பது டைனோஃப்ளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற ஒற்றைச்செல் நுண்ணுயிர். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும், கிடைக்காததால் பவளம் வெளுக்கிறது. தழைச்சத்து இல்லாமல் ரோஜாவின் அடி இலை மஞ்சளானால் பூஞ்சாணக் கொல்லியா அடிப்பீர்கள்?

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் சளியைத் தொட்டி நீரோடு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்குங்கள், டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். திரும்ப நூல் நூலாகத் திரண்டால் பெரும்பாலும் டைனோதான். அதில் இரவில் தண்ணீரில் மிதக்கும் வகை யூவி விளக்குக்குக் கட்டுப்படும், மணலிலேயே கிடக்கும் வகை கட்டுப்படாது.

தொட்டியில் எத்தனை மீன், என்ன தீனி என்று நீங்கள் எழுதவே இல்லை. நான் எதிர்பார்த்தது அதைத்தான். பவளத் தொட்டிக்கு முதல் உரம் மீனுக்குப் போடும் தீனி. யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். மீன் தின்று செவுள் வழியாக விடும் அம்மோனியாவைப் பவளத்தின் நுண்பாசி நைட்ரேட்டை விட எளிதாக எடுத்துக்கொள்ளும், அதற்கு ஈடான பாட்டில் எந்தக் கடையிலும் கிடையாது. அழுக்காகிவிடும் என்று பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை போடுகிறவர்கள்தான் பிறகு சத்தை எடுப்பதற்கு ஒரு பாட்டில், போடுவதற்கு ஒரு பாட்டில் என்று காசைக் கரைக்கிறார்கள். அப்படி இரண்டையும் ஒரே ஆளுக்கு விற்கிற வியாபாரியிடம் யோசனை கேட்காதீர்கள். உறைய வைத்த மைசிஸ் இறாலை ஒரு நாளைக்கு மூன்று முறை, மீன் தின்று முடிக்கும் அளவு போடுங்கள். ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுக்கும் கருவி) இரவில் மட்டும் ஓடட்டும், அந்த நேரத்தில்தான் ஆக்சிஜன் குறையும்.

இரண்டு வாரம் பார்த்தும் நைட்ரேட் ஏறவில்லை என்றால், ஆய்வகத் தரச் சோடியம் நைட்ரேட் வாங்குங்கள். உங்கள் தொட்டிக்கு 0.41 கிராம் போட்டால் நைட்ரேட் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) ஏறும். நாளுக்கு அதற்கு மேல் வேண்டாம், 5 முதல் 10 வரை வந்தால் போதும். பாஸ்பேட் 0.05 பிபிஎம்முக்கு மேல் நிற்கட்டும், பாறைகள் உறிஞ்சிக்கொள்வதால் மறுநாளே பூஜ்யம் காட்டினாலும் பதறாதீர்கள். அதுவரை காரத்தன்மையை 8 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) பக்கம் வையுங்கள், சத்து இல்லாத நீரில் அது ஏறினால் கடின பவளத்தின் நுனி கருகும். ஷெட்டில் இருக்கும் 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட் உரம்) கண்ணில் படும், அதைத் தொடாதீர்கள். பொட்டாசியம் சேர்ந்துகொண்டே போகும், வயல் உரத்தில் வேறு என்ன உலோகம் கலந்திருக்கிறதோ. அப்புறம், காப்பர் ஆக்சி குளோரைடு (தாமிரப் பூஞ்சாணக் கொல்லி) அடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் விடவே கூடாது, தாமிரம் துளி இருந்தாலும் நத்தையும் பவளமும் சாகும்.

ஃப்ளோரைடு கதையை விடுங்கள். கடல் நீரிலேயே லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 மில்லிகிராம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி போர் தண்ணீரில் ஃப்ளோரைடு மனிதர் பல்லுக்கும் எலும்புக்கும் பெரிய கேடு, பவளத்துக்கு அது பிரச்சனையே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வீட்டு ஆர்ஓ மெஷின். பலவற்றில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும், ருசிக்காகக் கொஞ்சம் போர் தண்ணீரையே திரும்பக் கலந்துவிடும், பழுப்புப் பாசிக்குத் தீனியாகும் சிலிக்கேட்டும் அதோடு வரும். குடிநீருக்கு அது சரி. தொட்டிக்கு அந்தத் திருகை முழுக்க மூடி, பின்னால் ஒரு டிஐ ரெசின் குடுவை (மிச்சமுள்ள உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி) மாட்டுங்கள், டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் வரை அந்த நீரில் உப்பு கரைக்காதீர்கள்.