குரோவேஷிய எண்களை டச்சில் எழுதும்போது

வணக்கம். குத்தகை ஒப்பந்தத்தில் எழுத்தால் இருந்த 53, உங்கள் டச்சு மொழிபெயர்ப்பில் 35 ஆகிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். குரோவேஷியத்தில், தமிழைப் போலவே, பத்து முன்னே வரும்: ‘பெதெசெத் த்ரி’. டச்சிலோ 21 முதல் 99 வரை, முழுப் பத்துகள் நீங்கலாக, ஒன்றின் இலக்கம் முன்னே வந்து ‘என்’ என்ற இணைப்போடு ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும் என்பதால், ‘ட்ரீயன்ஃபெய்ஃப்தக்’ என்பதே 53. நீங்கள் எழுதிய ‘ஃபெய்ஃபன்டெர்தக்’ 35 ஆகும்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது எண்ணை அடுத்து வரும் பெயர்ச்சொல். ஆண்டைக் குறிக்கும் ‘கோதினா’ 2, 3, 4 ஆகியவற்றுக்குப் பின் ‘கோதினெ’ ஆகும். 5 முதல் 20 வரை ஆறாம் வேற்றுமைப் பன்மை வரும். 21 என்றால் மறுபடியும் ஒருமைதான். டச்சிலோ எத்தனை ஆண்டானாலும் எண்ணுக்குப் பின் ‘யார்’ என்ற ஒருமையே வழக்கம். ஆகவே டச்சிலிருந்து குரோவேஷியத்துக்குத் திரும்பும்போதுதான் பிழை மிகுதியாக நேரும்.

‘மிலியார்தா’, ‘மில்யார்ட்’ இரண்டும் 100 கோடிதான், அங்கே குழப்பமில்லை. ஒப்பந்தத்தில் எண்ணுருவும் எழுத்துருவும் முரண்பட்டால் வழக்குக்கே இடமாகும். எனவே எழுத்தால் எழுதிய தொகையைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், முதலில் இலக்கமாக மாற்றிக்கொண்டு, அந்த இலக்கத்திலிருந்தே டச்சில் எழுதுங்கள்.