ரீச்சரைக் கேளுங்கள்: சிங்கம் எழும்பாவிட்டால் என்ன?

லீவு வருகிறது என்பது எனக்கு வரும் கடிதங்களிலேயே தெரிந்துவிடும். இம்முறை பாதிக் கடிதம் தெஹிவளை மிருகக்காட்சிசாலையைப் பற்றியது. காது குத்து, கையெழுத்து, கணக்கு எல்லாம் அடுத்த இதழில்.

ரீச்சர், மகனுக்கு மூன்றரை வயது. லீவுக்கு மிருகக்காட்சிசாலை காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். என் அக்காவோ, "பிள்ளை அரைவாசியிலேயே அழத் தொடங்கிவிடும், சிங்கமும் படுத்தே கிடக்கும், காசு வீண்" என்கிறா. எப்படிப் போவது, எதைக் காட்டுவது?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

அக்கா சொல்வது நடக்கக்கூடியதுதான் மகள். ஆனால் அழ வைப்பது மிருகங்கள் இல்லை. பதினொரு மணி வெயிலும், டிக்கெட் எடுத்தாயிற்று, எல்லாக் கூட்டையும் பார்த்தே தீர வேண்டும் என்ற பெரியவர்களின் பிடிவாதமும்தான். மூன்றரை வயதுக்கு நாலைந்து மிருகம் தாராளம். மிச்சம் எங்கேயும் ஓடிப்போகாது.

பயணத்திலிருந்தே தொடங்குவோம். கோட்டைக்கு வந்து கரையோர ரயிலில் ஏறுங்கள். காலையில் அலுவலகக் கூட்டம் கோட்டையை நோக்கி வரும். நீங்கள் எதிர்ப்பக்கம் போவதால் பெரும்பாலும் இருக்க இடம் கிடைக்கும். வலது பக்க யன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். காலிக்கும் மாத்தறைக்கும் போகிற கடுகதியில் தவறி ஏறிவிடாமல், தெஹிவளையில் நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ரயில் சரிவராவிட்டால் காலி வீதியால் போகும் 100, 101 பஸ் இருக்கிறது. தெஹிவளையில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள். கிட்டத்தான் என்று சொல்லி நடத்திக்கொண்டு போகாதீர்கள். உள்ளே நடக்க அந்தக் கால்கள் வேண்டும். வளவு முழுக்க ஏற்றமும் இறக்கமும், இடைக்கிடை படியும். தள்ளுவண்டில் கொண்டுபோனால் பிள்ளையை ஒரு கையிலும் வண்டிலை மறு கையிலும் நீங்கள்தான் தூக்குவீர்கள்.

காலை எட்டரைக்குக் கேற் திறப்பார்கள். அந்த நேரத்துக்கே போய் நில்லுங்கள். வெயில் ஏறினால் மிருகங்களும் நிழல் தேடிப் படுத்துவிடும், பிள்ளையும் சிணுங்கும். ஏப்ரலில் பின்னேரமானால் இடியோடு மழையும் வரும், குடையை விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

சரி, எதைக் காட்டுவது? சிங்கத்தில் தொடங்காதீர்கள். சிங்கம் ஒரு நாளில் 20 மணித்தியாலம் வரைகூடப் படுத்துக் கிடக்கும். அது சோம்பலோ நோயோ இல்லை, காட்டிலும் அப்படித்தான். வயிறு நிறைந்த பிராணி வெயிலில் எதற்கு ஓடவேண்டும்? ஆனால் வீட்டிலே "சிங்கம் கர்ர்ர் என்று பாயும்" என்று சொல்லிக் கூட்டிப்போன பிள்ளைக்கு அந்தப் பழுப்பு முதுகு பெரிய ஏமாற்றம். எதாவது செய்துகொண்டே இருக்கிற மிருகத்தில் தொடங்குங்கள். யானை சும்மா நின்றாலும் காது, தும்பிக்கை, வால் என்று ஏதோ ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். ஒட்டகச்சிவிங்கி இலை எடுக்கும்போது நாக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கரு நீல நிறத்தில், ஒன்றரை அடி நீளத்துக்கு வரும். அந்தக் கழுத்தில் எத்தனை எலும்பு என்று கேளுங்கள். நமக்கு இருக்கிற அதே 7தான்! மகனுக்கு விளங்காவிட்டாலும் பக்கத்தில் நிற்கிற அப்பாமார் ஆச்சரியப்படுவார்கள்.

எனக்கு மிகப் பிடித்த இடம் நீர்யானைத் தொட்டி. முதலில் அழுக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரியும். பெரியவர்கள் "ஒன்றும் இல்லை, வா" என்று கையை இழுப்பார்கள். இழுக்காதீர்கள், ஐந்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் மெல்ல உப்பும், இரண்டு மூக்குத் துவாரம் திறந்து புஸ் என்று மூச்சு விடும், பிறகு கண். அதற்குப் பிறகுதான் விசேஷம்: அந்தப் பெரிய தலையில் ஒட்டியிருக்கிற குட்டிக் காதுகள் இரண்டும் விர்ரென்று சுழன்று தண்ணீரைச் சிலுப்பும். என் பேரன் தன் காதைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "அம்மம்மா, எனக்கு ஏன் ஏலாது?" என்று கேட்டான். தாத்தாவுக்குக் கொஞ்சம் ஏலும் என்றேன். வீட்டுக்கு வந்து அவரைப் படாதபாடு படுத்திவிட்டான்.

"இது என்ன, அது என்ன" என்று பெயர் கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள். "என்ன செய்யுது?" என்று மட்டும் கேளுங்கள், பிள்ளை தானாகக் கதைக்கும். அவன் சிறுத்தையை விட்டுவிட்டு, இலைக்கட்டுத் தள்ளிக்கொண்டு போகிற ஊழியரைப் பார்த்துக்கொண்டு நின்றால் அதுவும் பார்வைதான். விடுங்கள்.

சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். இடியப்பம் வேண்டாம், சிந்தும். பணிஸ், வாழைப்பழம், இரண்டு போத்தல் தண்ணீர் போதும். கொழும்புக் காகங்களுக்குப் பிள்ளையின் கைப்பணிஸ் என்றால் உயிர், ஆகையால் நடந்துகொண்டு தின்னக் கொடுக்காதீர்கள். கூட்டுக்குள் பிஸ்கட் எறிகிறவர்களைப் பார்த்து அவனும் எறியக் கேட்பான். கூடாது என்றால் கூடாது. கடைசியாக, உங்கள் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி அவன் சட்டைப் பைக்குள் வையுங்கள். கூட்டத்தில் தவறினால், அவனுக்குச் சிங்களம் தெரியாவிட்டாலும் அந்தத் துண்டு கதைக்கும்.

முதல் கொட்டாவி வந்ததும் கேற்றை நோக்கி நடவுங்கள், இரண்டாவது கொட்டாவிக்குக் காத்திருக்க வேண்டாம்.

மிருகங்களை அடைத்து வைத்துப் பார்ப்பது பாவம், பிள்ளையைக் கூட்டிப் போகாதே என்கிறார் என் கணவர். உங்கள் அபிப்பிராயம்?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அவர் சொல்வதை லேசாகத் தள்ள முடியாது. இந்த இடம் தொடங்கியதே வியாபாரமாக. ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மன்காரர், இங்கிருந்து மிருகங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிலோடு சேர்த்து நடத்தியது. கம்பனி நொடித்த பிறகு, 1936இல் அரசாங்கம் எடுத்தது. ஊர் வளர்ந்து நான்கு பக்கமும் வீடு வந்துவிட்டதால் விரிக்க இடமில்லை. ரிதியகமவில் சஃபாரிப் பூங்காவும் பின்னவலையில் புதிய மிருகக்காட்சிசாலையும் திறந்ததற்கு இந்த இடநெருக்கடியும் ஒரு காரணம்.

நான் கூட்டிப் போவேன். ஆனால் பொய் சொல்ல மாட்டேன். கரடியோ சிறுத்தையோ ஒரே கோட்டில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்து, "அது ஏன் அப்படி நடக்குது?" என்று பிள்ளை கேட்கும். "எக்சசைஸ் செய்யுது" என்று சமாளிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அடைபட்ட மிருகத்துக்கு மனம் அலுத்தால் வருகிற பழக்கம் அது. "போக இடம் இல்லை, அதனால் நடக்குது" என்று சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது நன்றாக விளங்கும். பிறகு வசதி வரும்போது வில்பத்துவுக்கோ யாலவுக்கோ ஒரு தடவை போய், சிறுத்தை அகப்படாவிட்டாலும் அதன் கால்தடத்தையாவது காட்டுங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள், அவருக்கும் பிடிக்கும்.

நாங்கள் சைவம். சிங்கம் என்ன சாப்பிடும் என்று பேத்தி கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன். என்ன சொல்லலாம்?
– ஓர் அப்பம்மா, பம்பலப்பிட்டி

இறைச்சி என்று சொல்லுங்கள் அம்மா. சிங்கத்துக்கு வெள்ளிக்கிழமை விரதம் கிடையாது. மரக்கறியில் அது உயிர் வாழாது, அதன் உடம்பு அப்படி. யானை பக்கத்திலே நின்று கித்துள் ஓலை தின்னும், அதைக் காட்டி எங்கள் கட்சிக்கு ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம் வருகிறது. எல்லோருமாகப் போகலாமா?
– ஒரு வாசகர், வத்தளை

போகலாம் தம்பி. ஆனால் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், நமக்கு உள்ளதைவிடப் பல மடங்கு. கனடாக் கடவுச்சீட்டில் வரும் பிள்ளைகளுக்கு அதுதான் என்று நினைத்துக் காசு கொண்டுபோங்கள். கவுண்டரில் நின்று, "இவையும் யாழ்ப்பாணம்தான்" என்று வாதாடிப் பின்னால் நிற்கிறவர்களை வெயிலில் வாட்ட வேண்டாம். உங்கள் அடையாள அட்டையை மறக்காதீர்கள். மச்சாளை டிக்கெட் எடுக்க விடாதீர்கள், அது மரியாதை இல்லை. ஐஸ்கிறீமுக்கு வேண்டுமானால் விடலாம்.