தாத்தாவும் சித்தப்பாவும் வக்கீல், நானும் சட்டம் படிக்கட்டுமா?

தம்பி, ஊர் கொழிஞ்சாம்பாறை (கேரளத்தில் பாலக்காடு பக்கம்) என்று எழுதியிருந்தீங்க. நானும் அந்தப் பக்கம்தான், என் அப்பாவும் வக்கீல். உங்க வீட்டில் சட்டம் படிக்கச் சொல்கிறார்கள், உங்களுக்கு மலையாளம் எழுத வராது, தமிழ்நாட்டுக்கே போய்விடலாமா என்பதுதானே கேள்வி?

மலையாளத்துக்குப் பயந்து ஓட வேண்டாம். எனக்கும் முதலில் வராமல்தான் இருந்தது. வக்கீலான முதல் வருஷம் ஒரு நில வழக்கில் பழைய ஆதாரத்தை (நம் வீட்டில் பத்திரம் என்போமே, அதுதான்) கையில் கொடுத்து எல்லையைப் படிக்கச் சொன்னார்கள். கிழக்கு, தெக்கு, வடக்கு எல்லாம் நம்ம வார்த்தை. 'படிஞ்ஞாறு' வந்ததும் நின்றுவிட்டேன். மேற்காம்! குமாஸ்தா பின்னாலிருந்து முணுமுணுத்தார். ஆறு மாதத்தில் பழகிவிட்டது.

அப்புறம், எந்த மாநில பார் கவுன்சிலில் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிந்தாலும் 1961 வழக்கறிஞர் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி நாடு முழுக்க வாதாடலாம். அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும், அவ்வளவுதான். பதிவுக் கட்டணமும் 2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய்தான்.

உங்களுக்கே ஆசை இருக்கிறதா என்பதுதான் சந்தேகம் என்றால் ஐந்து வருஷப் படிப்பில் இப்போதே சேராதீங்க. பி.காம். முடித்துவிட்டு மூன்று வருஷ எல்.எல்.பி. போகலாம், ஒரு வருஷம்தான் கூடும். இந்த லீவில் சித்தப்பாவோடு வேண்டாம், அவர் குமாஸ்தாவோடு இரண்டு வாரம் நம்ம பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டுக்குப் போங்க. வாய்தா வாங்கியே கழியும் ஒரு நாளையும் பார்த்துவிட்டு வீட்டில் பேசுங்க.

ஜூனியராக மட்டும் முதலில் வெளியாளிடம் சேருங்க. சித்தப்பா திட்ட மாட்டார், அதுதான் பிரச்சினை.