செல் சாவும் தீராத அழற்சியும்: கேள்வி-பதில்

செல் செத்தாலே அழற்சி வந்துவிடுமா?

வராது. எப்படிச் சாகிறது என்பதுதான் விஷயம். அபாப்டோசிஸ் என்ற ஒழுங்கான சாவில் செல் உறை கிழியாமல் சிறு சிறு துண்டாகும், பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும், வெளியே சத்தமே இருக்காது. நெக்ரோப்டோசிஸ், பைராப்டோசிஸ் என்ற வேறு இரண்டு வகைச் சாவுகளில் உறை கிழிந்து உள்ளிருப்பதெல்லாம் வெளியே கொட்டுகிறது. அழற்சி கிளம்புவது அங்கேதான்.

செல்லைச் சாகத் தூண்டும் புரதமான ரிப்கே1 தான் வில்லன் என்றால் அதை மொத்தமாக நிறுத்திவிடலாமே?

அந்தப் புரதத்துக்கான மரபணு வேலை செய்யாமல் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2018-இல் ஆய்வுகள் வந்தன: அடிக்கடி தொற்று, குடல் அழற்சி, மூட்டு வீக்கம். மாறாக, காஸ்பேஸ்-8 என்ற நொதி வெட்டி அடக்க முடியாதபடி ரிப்கே1 மாறியிருந்தால் திரும்பத் திரும்பக் காய்ச்சல். குறைந்தாலும் வம்பு, மிஞ்சினாலும் வம்பு. ரிப்கே1-ஐ அடக்கும் மருந்து ஒன்று எலிகளில் நன்றாக இருந்தது, ஆனால் அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்ற பெருங்குடல் அழற்சி, ருமட்டாய்டு மூட்டுவாதம் இரண்டிலும் மனிதர்களிடம் எடுபடவில்லை. எலி மனிதன் இல்லை என்று எத்தனை முறை எழுதுவது!

எச்சில் அனுப்பி மரபணுச் சோதனை செய்தேன். நாட்2, ஏடிஜி16எல்1 என்ற இரண்டு மரபணுக்களிலும் 'ரிஸ்க்' என்று வந்திருக்கிறது. குரோன் என்ற தீராத குடல் அழற்சி நோய் வருமா? இப்போதே மருந்து தொடங்கலாமா?

வயது எழுதவில்லை, தொந்தரவு என்ன என்று எழுதவில்லை, எந்த மாற்றம், ஒரு பிரதியா இரண்டு பிரதியா, அதுவும் இல்லை. 'ரிஸ்க்' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஏடிஜி16எல்1 சரியாக இயங்காவிட்டால் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் பட்டதும் குடல் சுவர்ச் செல்கள் எளிதில் சாகின்றன, அது உண்மை. ஆனால் அதிலுள்ள பிரபலமான மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரின் மரபணுப் பிரதிகளில் ஏறக்குறைய பாதியில் இருக்கிறது. அது இருக்கும் எல்லோருக்குமா குரோன் வந்தது? நாட்2-வில் இரண்டு பிரதியும் மாறியிருந்தால் வாய்ப்பு இருபது மடங்குக்குக்கூட ஏறலாம், ஆனால் அடிப்படை வாய்ப்பே ஆயிரத்தில் ஓரிருவர்தான் என்பதால் அப்போதும் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை. மாற்றம் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. இந்த அறிக்கைகளை விற்பவர்கள் இதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும், போடுவதில்லை, அதனால் நன்றாக இருப்பவர்கள் பயந்துபோய் மருந்து கேட்கிறார்கள், இன்னும் சிலர் அறிக்கை 'சுத்தமாக' இருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருந்த மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை. வயிற்றுப்போக்கு, ரத்தம், எடை குறைவு இருந்தால் குடல் மருத்துவரைப் பாருங்கள். இல்லையா, அறிக்கையை மூடி வையுங்கள்.

மரபணுக் கோளாறுக்கு டிஎன்எஃப்-ஐ அடக்கும் ஊசி எதற்கு?

செல்லைச் சாகத் தூண்டும் சமிக்ஞைகளில் டிஎன்எஃப் முக்கியமானது, அதனால்தான். ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை கட்டாயம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

'செல் சாவைத் தடுக்கும்' சத்து மாத்திரை வாங்கலாமா?

வேண்டாம்.

ஒரு வயது மகனுக்குக் கடுமையான குடல் அழற்சி. அவனுக்கும் மரபணுச் சோதனை வேண்டாமா?

கட்டாயம் வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில் ஒற்றை மரபணுக் கோளாறு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு: எக்ஸ்ஐஏபி, ஐஎல்-10 ஏற்பி, ரிப்கே1 போன்ற மரபணுக்களில். முதல் இரண்டில் எலும்பு மஜ்ஜை மாற்று நோயையே தீர்க்கக்கூடும். எச்சில் பெட்டி போதாது, மரபியல் மருத்துவர் இருக்கும் மருத்துவமனையில் மரபணுக்களை முழுதாகப் படிக்கும் வரிசைப்படுத்தல் சோதனை கேளுங்கள்.