கையில் காட்டினால் படிக்கும் பார்கோடு ஸ்கேனர், கன்வேயர் பெல்ட்டில் மட்டும் ஏன் ‘நோ ரீட்’ (படிக்கவில்லை) காட்டுகிறது?

ஸ்கேனரை லேபிளுக்கு நேர் எதிரே, கோணம் பிசகாமல் பொருத்தியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன், மூன்று ராத்திரி தூக்கம் போனது.

ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராக இருந்தேன். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய லேபிளைப் படிக்க லேசர் ஸ்கேனர் வந்தது. ஃபிட்டர் புத்தி, ரசமட்டம் மூலைமட்டம் எல்லாம் வைத்து 90 டிகிரியில் நிறுத்தினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து பெட்டிக்கு ஒன்று ரிஜெக்ட்டில் விழுந்தது.

பெல்ட் வேகம் அதிகம் என்று சப்ளையர் ஆள் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கணக்குப் போட்டேன். பெல்ட் ஓடும் திசையில் பார்கோடின் கருப்புக் கோட்டின் நீளம் 20 மி.மீ., பெல்ட் விநாடிக்கு 500 மி.மீ., ஸ்கேனர் விநாடிக்கு 500 ஸ்கேன். ஒரு லேபிளை 20 தடவை பார்க்கிறது, போதாதா? அப்புறம் கேபிளை மாற்றினேன். ஸ்கேனர் தகவல் அனுப்பும் வேகம், அதாவது பாட் ரேட், 9600தானா என்று பத்து முறை பார்த்தேன். அது தப்பென்றால் ஒரு பெட்டியின் தகவல்கூட ஒழுங்காக வந்திருக்காது, அந்த நேரத்தில் மூளை ஓடவில்லை.

மூன்றாம் ராத்திரி ரிஜெக்ட் பெட்டிகளை அடுக்கிப் பார்த்தேன். அத்தனையிலும் லேபிள் மேல் பேக்கிங் டேப் ஏறியிருந்தது. பளபளப்பில் லேசர் நேர் எதிரே 90 டிகிரியில் விழுந்தால் கண்ணாடியில் பட்டதுபோல அப்படியே ஸ்கேனருக்குள் திரும்பி அடிக்கும். அந்தக் கூச்சத்தில் அதற்குக் கருப்பு, வெள்ளை பிரித்துத் தெரியாது. கையில் பிடிக்கும்போது நாம் அறியாமலே லேபிளைச் சாய்க்கிறோம், அதனால் படித்துவிடுகிறது.

எங்கள் லேபிளில் கோடுகள் ஏணிப்படி மாதிரி படுத்திருக்கும், லேசர் கோடு நட்டுக்குத்தாக விழும். அதனால் ஸ்கேனரைப் பெல்ட் ஓடும் திசைவாக்கில் 15 டிகிரி திருப்பினேன், சரியாகிவிட்டது. திருப்பினால் லேசர் விழும் இடமும் நகரும், பெட்டி வந்ததும் ஸ்கேனரைப் படிக்கச் சொல்லும் ட்ரிகர் சென்சாரைச் சேர்த்து நகர்த்துங்கள். சரிபார்க்கிறேன் என்று லேசரைக் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள், ஒரு வெள்ளைத் தாளைக் காட்டினால் போதும்.

“இப்போதெல்லாம் கேமரா ரீடர்தானே?” என்று கேட்க யாராவது வருவார்கள். தெரியும். கேமராவுக்கும் பளபளப்பு ஆகாது, அதையும் பெரும்பாலும் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். “மேனுவலில் இருக்கிறதே” என்பவர்களுக்கு: இருந்தது. மேனேஜர் பீரோவில், பூட்டி இருந்தது.

வேலை முடிந்ததும் போன மெயிலில் என் பெயர் இல்லை. ஐடிஐ படித்தவன் போல்ட் முடுக்கியதாகவும், பி.இ. படித்தவர் கண்டுபிடித்ததாகவும் போனது. அன்றைக்கு அவர் லீவு. அடுத்த மாத ஆடிட்டில், ஸ்கேனரைத் தாங்கும் பிராக்கெட் கோணலாக இருக்கிறது, நேராக்கவும் என்று எழுதி வைத்தார்கள். அதற்குப் பதில் சொல்ல மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள்.