குழந்தைப் பராமரிப்பு: இம்முறை வந்த கேள்விகள்

கோண்டாவிலில் பகல் பராமரிப்பு நிலையம் தொடங்கப் போகிறேன். சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம்?

எந்த நிறமும் சரி. எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எத்தனை ஆட்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. முதலில் அதைக் கணக்குப் பாருங்கள்.

தாய்ப்பாலை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகலாமா? (சுன்னாகம்)

தாராளமாக. வெளியில் நாலு மணித்தியாலம் என்பார்கள். எங்கள் வெயிலுக்கு அதை நம்பாதீர்கள், உடனே பிரிட்ஜில் வையுங்கள். அங்கே நாலு நாள் இருக்கும். போத்தலில் பெயரும் திகதியும் கட்டாயம். அடுப்பில் வைக்காமல் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து இளஞ்சூடாக்குங்கள்.

எட்டுக் கைக்குழந்தைகளை ஒருவர் பார்க்கிறார். நல்ல அனுபவசாலி. போதும்தானே? (மானிப்பாய்)

போதாது. ஒரு வயதுக்குள் மூன்று பிள்ளைக்கு ஓர் ஆள். நடக்கத் தொடங்கினால் நாலுக்கு ஓர் ஆள். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் கை இரண்டுதான். தீப்பிடித்தால் எட்டுப் பேரையும் எப்படித் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்?

அப்புறம், அந்த மூன்று பிள்ளைகளும் எந்நாளும் அதே ஆளிடம் இருக்க வேண்டும். நான் போய்ப் பார்த்த ஒரு நிலையத்தில் பால் கொடுக்க ஒருவர், பம்பர்ஸ் மாற்ற ஒருவர், நித்திரையாக்க இன்னொருவர். ஏழு மாதப் பிள்ளை ஒன்று மேசையில் கிடந்தபடி, குனிந்து நின்றவரின் முகத்தையே தேடித் தேடிப் பார்த்தது. அவரோ பின்னால் நின்றவருடன் கதைத்தபடி துடைத்தார், கட்டினார், அடுத்த பிள்ளையை எடுத்தார். எனக்கு நெஞ்சு தாங்கவில்லை. அந்த வயதில் பிள்ளை படிப்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான். "இப்ப காலைத் தூக்கப் போறன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். நாள் போகப் போகப் பிள்ளை தானே காலைத் தூக்கித் தரும். ஒரு வயதானதும் அடுத்த அறை, புது ஆள் என்று மாற்றுவதும் பிழை. மூன்று வயதுவரை அதே ஆள் தொடரட்டும்.

நிலையத்தில் ஏணை கட்டலாமா?

வேண்டாம். கெட்டியான, சமமான மெத்தையில் மல்லாக்கக் கிடத்துங்கள். தலையணையும் வேண்டாம்.

ஒன்றரை வயது மகன் நிலையத்தில் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறான். திருப்பிக் கடித்துக் காட்டச் சொல்கிறார் அம்மம்மா.

கடிக்கவே கூடாது. எந்த நேரம், எந்தச் சாமானுக்காகக் கடிக்கிறான் என்று ஒரு கிழமை குறித்து வையுங்கள். அந்தச் சாமானில் இன்னும் இரண்டு வாங்குங்கள். பேச்சு வர வரக் குறையும். அந்த அறையில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள் என்றும் கேளுங்கள்.

இரண்டு வயதில் எழுதப் பழக்கலாமா?

வேண்டாம். மண்ணும் தண்ணீரும் கொடுங்கள்.

நிலையத்தில் விடும்போது மகள் அழுகிறாள். தெரியாமல் வந்துவிடவா?

சொல்லிவிட்டு வாருங்கள். முதல் கிழமை நீங்களும் கூட இருங்கள்.